டீ ஒத்துக்கொள்ளவில்லையா: ரத்தப் பரிசோதனையா, தோல் பரிசோதனையா?

டீ குடித்ததும் தடிப்பும் அரிப்பும் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தேயிலையை அல்ல, பாலை. தேயிலை ஒவ்வாமை அபூர்வம். பால் ஒவ்வாமை அதைவிடப் பரவலானது. இஞ்சி, ஏலக்காய் வேறு இருக்கின்றன. தொந்தரவு லேசானதாக இருந்தால், பால் விடாத டீயில் என்ன ஆகிறது, வெறும் பாலில் என்ன ஆகிறது என்று தனித்தனியாகக் கவனித்து எழுதி வைத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். மூச்சுத்திணறலோ தொண்டை அடைப்போ வந்தவர்கள் வீட்டில் இதைச் செய்து பார்க்கவே கூடாது.

சரி, பரிசோதனைக்கு வருவோம். ரத்தத்தில் பார்ப்பது தேயிலைக்கு எதிரான ஐ.ஜி.இ. (ஒவ்வாமையில் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம்) அளவை. மொத்த ஐ.ஜி.இ. வேறு. அது குடல் புழு, ஆஸ்துமா, கரப்பான் என்ற தோல் நோய் இருந்தாலே ஏறிவிடும். அதை வைத்து டீயைக் குற்றம் சொல்ல முடியாது. பணம் கட்டும் முன் லேபில் பட்டியலை வாங்கி, தேயிலை அதில் இருக்கிறதா என்று பாருங்கள். வழக்கமான வரம்பு 0.35 kU/L. அதைத் தாண்டினால் உடம்பு தேயிலையை அடையாளம் கண்டுவைத்திருக்கிறது என்று மட்டும்தான் பொருள். குடித்தால் என்ன ஆகும், எவ்வளவு கடுமையாக ஆகும் என்பதை அந்த எண் சொல்லாது.

தோல் பரிசோதனையில் முன்கையில் தேயிலைச் சாறு ஒரு சொட்டு வைத்து லேசாகக் குத்துவார்கள். 15, 20 நிமிடத்தில் முடிவு தெரியும். இதில் எனக்குப் பிடித்த விஷயம், டாக்டர் ஒத்துக்கொண்டால் நீங்கள் குடிக்கிற அதே தேயிலையை ஊறவைத்தே குத்திப் பார்க்கலாம் என்பதுதான். ஆனால் செட்ரிசின் மாதிரி அலர்ஜி மாத்திரைகளை ஏறக்குறைய ஒரு வாரம் நிறுத்த வேண்டும். நிறுத்த முடியாதவர்களுக்கும், தோல் முழுக்கக் கரப்பான் உள்ளவர்களுக்கும், முன்பு கடுமையாக ஒவ்வாமை வந்தவர்களுக்கும் ரத்தப் பரிசோதனைதான் சரி. மற்றவர்களுக்கு என் வாக்கு தோல் பரிசோதனைக்கே.

மாஞ்சோலைப் பக்கம் தேயிலை ஆலைகளில் தூசியோடு வேலை பார்த்தவர்களின் கதை வேறு. ஜப்பானில் பச்சைத் தேயிலை ஆலைத் தொழிலாளர்களுக்கு வந்த ஆஸ்துமாவுக்குத் தேயிலையில் உள்ள கேட்டச்சின் வகை வேதிப்பொருள் ஒன்றே காரணம் என்று கண்டிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் தங்கள் வேலையைப் பற்றி டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு மூச்சுப் பரிசோதனையும் தேவைப்படும்.

அப்புறம், ஒரே ரத்த மாதிரியில் நூறு உணவுக்குப் பார்க்கலாம் என்று விற்கும் ஐ.ஜி.ஜி. (ஐ.ஜி.இ. அல்லாத வேறொரு எதிர்ப்புப் புரதம்) பேக்கேஜ். அது நீங்கள் எதைச் சாப்பிட்டுப் பழகினீர்கள் என்பதைத்தான் காட்டும், ஒவ்வாமையை அல்ல. அதற்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். டீ குடித்தால் நெஞ்செரிச்சல், படபடப்பு மட்டும்தான் என்றால் இந்த எந்தப் பரிசோதனையும் உதவாது. டீயின் அளவைக் குறைத்துப் பாருங்கள்.