தடையா, விலக்கா?

பிளாஸ்டிக்குக்குத் தடை, மதுவுக்கு விலக்கு. இரண்டையும் கொண்டுவருவது அரசுதான். ஆனாலும் 'பிளாஸ்டிக் விலக்கு' என்று யாரும் சொல்வதில்லை.

தடை நேரான சொல். 'தடு' என்பதிலிருந்து பிறந்தது. போகிற ஒன்றின் குறுக்கே நிற்பது. பழைய உரைகளில் எதிர்வாதம் தடை, அதற்கான பதில் விடை. இன்று நீதிமன்றம் கொடுப்பது இடைக்காலத் தடை, கரண்ட் போனால் மின்தடை, இயற்பியல் பாடத்தில் ஓம் அலகால் அளப்பதும் மின்தடை. எங்கே போனாலும் குணம் மாறாத சொல்.

விலக்கு அப்படியல்ல. அது குறுக்கே நிற்காது, ஒதுக்கி வைக்கும். அறமாவது மனு முதலிய நூல்களில் 'விதித்தன செய்தலும் விலக்கியன ஒழிதலும்' என்று குறளுக்கு உரை சொன்ன பரிமேலழகர் எழுதினார். அங்கே காவலர் யாருமில்லை, மனிதன் தானாக ஒழிய வேண்டும். 1937இல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் தொடங்கிய திட்டத்துக்கு 'மதுவிலக்கு' என்ற பெயர் பொருந்துவதும் இந்த அறவாடையால்தான் என்பது என் எண்ணம். (மதுவிலக்குத் துறையின் கீழேயே டாஸ்மாக்கும் இயங்குவது தனிக்கதை.)

ஆனால் விலக்கில் ஒரு வில்லங்கம் உண்டு: எதை எதிலிருந்து விலக்குகிறோம்? மதுவிலக்கில் ஒதுங்குவது மது. நீட் விலக்கு மசோதாவில் ஒதுங்குவது மாணவர்கள். வரிவிலக்கு சலுகை, ஊர்விலக்கு தண்டனை. தேனிப் பக்கம் க.விலக்கு என்றால் கண்டமனூருக்குச் சாலை பிரியும் இடம், அவ்வளவே. 'மாதவிலக்கு' நாசூக்காகத் தோன்றினாலும், பெண்ணை வீட்டுக்கு வெளியே உட்காரவைத்த வழக்கம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் மாதவிடாய் என்றே எழுதுவேன்.

ஆகவே அரசாணை எழுத என் தேர்வு தடைதான். 'இவ்வூருக்கு விலக்கு' என்று எழுதினால், விதி அங்கே செல்லாது என்றா, ஊரையே தள்ளிவைத்தாயிற்று என்றா? தடையில் இந்தக் குழப்பம் வராது.

மறியலும் இதே குடும்பம்தான். 'மறி' என்றால் வழியை அடைப்பது. தமிழ்நாட்டில் அதைக் குடிமக்கள் செய்கிறார்கள். இலங்கையிலோ மறியல் என்றால் சிறை, விளக்கமறியல் என்றால் விசாரணைக் காவல். 1921இல் ஈரோட்டில் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலில் இறங்கினார்கள். 'கள்ளுக்கடை'யை விட்டுவிட்டு, அவர்கள் மறியலுக்குப் போனார்கள் என்று யாழ்ப்பாணத்தில் சொன்னால், 'எத்தனை மாதம் உள்ளே இருந்தவை?' என்று அவ்வூர்ப் பேச்சில் கேட்பார்கள்.