ஹோர்ட்டன் சமவெளியா, கினபாலுவா, இரவிகுளமா?

வெப்பமண்டல மலைகளில் பகல் என்பது உண்மையில் காலை மட்டும்தான். விடியும்போது வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று சூடாகி மேலே கிளம்பும், உயரத்தில் குளிர்ந்து மேகமாகும், ஒன்பது பத்து மணிக்குள் சரிவை மூடிவிடும். அதனால் எந்தத் தேசியப் பூங்காவுக்குப் போகலாம் என்று யாராவது கேட்டால், முந்தைய இரவு எங்கே தங்க முடியும், காலையில் எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். உயரம், தூரம், அழகு எல்லாம் அப்புறம்.

நம்மவர்கள் அதிகம் விசாரிக்கும் மூன்று பூங்காக்களை இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம்: இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளி, மலேசியாவின் சபா மாநிலத்தில் உள்ள கினபாலு, கேரளத்தின் இரவிகுளம். ஹோர்ட்டனும் கினபாலுவும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. ஆனால் அங்கே கால்களுக்கு நேர்வது முற்றிலும் வேறு.

ஹோர்ட்டன் சமவெளி கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேலே, மலை உச்சியில் விரித்துப் போட்ட புல்வெளி. பரப்பு 3,160 ஹெக்டேர். 1988-இல் தேசியப் பூங்காவானது, 2010-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. வாகனமே மேலே ஏறிவிடுவதால் நடப்பவருக்குப் பெரிய ஏற்றம் இல்லை. வழக்கமான சுற்று சுமார் 9 கிலோமீட்டர்: சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு என்ற இரண்டு செங்குத்து விளிம்புகள், பேக்கர் அருவி, மறுபடி புல்வெளி. மூன்று மணி நேரத்தில் முடித்துவிடலாம். பள்ளிப் பிள்ளைகளும் அறுபது தாண்டியவர்களும் நடக்கிறார்கள். பாதை சில இடங்களில் மேடு பள்ளமும் கல்லுமாக இருக்கும். மழை பெய்திருந்தால் சேறு வழுக்கும், அவ்வளவுதான்.

நுழைவாயிலில் நடக்கும் சோதனை எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். பையைத் திறந்து பார்ப்பார்கள். பிஸ்கட் பிளாஸ்டிக் உறையில் இருந்தால் பிரித்துக் காகிதத்தில் மாற்றச் சொல்வார்கள், தண்ணீர் பாட்டிலின் லேபிளைக்கூட உரித்து எடுத்துவிடுவார்கள். சிலர் முகம் சுளிக்கிறார்கள். மகாவலி, களனி, வளவை என மூன்று ஆறுகளுக்கு இந்த மலைப் பகுதியிலிருந்து நீர் போகிறது. கடமான்கள் பாதையோரத்திலேயே மேய்கின்றன. அந்த உறையும் லேபிளும் உள்ளே விழாமல் இருக்க ஐந்து நிமிடம் காத்திருப்பது பெரிய விஷயமில்லை.

உலக முடிவில் தரை சட்டென்று அறுந்து, 800 மீட்டருக்கு மேல் செங்குத்தாக இறங்குகிறது. மேகம் வருமுன் போனால் கீழே தேயிலைத் தோட்டங்களும் தெற்குச் சமவெளியும் தெரியும். பத்தரைக்குப் போனால் வெள்ளைச் சுவர்தான். பூங்காவுக்குள் நாமாக எங்கு வேண்டுமானாலும் கூடாரம் போட முடியாது என்பதால் நுவரெலியாவிலோ ஒஹிய பக்கத்திலோ தங்கி, இருட்டிலேயே கிளம்பி, ஆறு மணிக்குக் கதவு திறக்கும்போது வாயிலில் நிற்க வேண்டும். முடிந்தால் வார நாளாகப் பாருங்கள். விடுமுறை நாளில் விளிம்பில் நிற்க வரிசை கட்ட வேண்டியிருக்கும். சுற்று போதவில்லை என்பவர்களுக்குத் தொட்டுபொல மலை இருக்கிறது. 2,357 மீட்டர் உயரம், பட்டிப்பொல வாயிலிலிருந்து உள்ளே போகும் சாலையோரத்திலேயே பாதை ஆரம்பிக்கும், குட்டி நடைதான். கூட்டம் முழுக்க உலக முடிவுக்கு ஓடுவதால் இங்கே அமைதி கிடைக்கும்.

கினபாலு வேறு ரகம். 4,095 மீட்டர். 1964-இல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது, 2000-இல் மலேசியாவின் முதல் உலகப் பாரம்பரிய இடங்களில் ஒன்றானது. ஏற்றம் தொடங்கும் டிம்போஹோன் வாயில் 1,866 மீட்டரில் இருக்கிறது. முதல் நாள் 6 கிலோமீட்டர் ஏறி 3,272 மீட்டரில் உள்ள பனலாபன் விடுதிகளில் தங்கல். தூரத்தைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. அந்த 6 கிலோமீட்டருக்குள் 1,400 மீட்டர் ஏறியாக வேண்டும், பெரும்பகுதி படிகள், அதுவும் ஒரே அளவில் இல்லாத படிகள்.

இந்தப் பாதையின் செல்வம் ஓரங்களில்தான் இருக்கிறது. கீழே அடர்ந்த பாசிக்காடு. பாதிவழியைத் தாண்டியதும் மண் செம்மஞ்சளாக மாறும், மரங்கள் திடீரென்று குள்ளமாகி முறுக்கிக்கொள்ளும். அந்த மண்ணில் மரங்களுக்கு வேண்டிய சத்து குறைவு, உலோகங்கள் அதிகம். சத்து இல்லாத மண்ணில் குடுவைச் செடிகள் பூச்சியைப் பிடித்துத் தின்று வாழ்கின்றன. இலை நுனியில் தொங்கும் குடுவைக்குள் நீர், விளிம்பில் வரிவரியாகப் பல் போன்ற அமைப்பு. மூச்சு வாங்க நிற்கும்போதெல்லாம் இரண்டு பக்கமும் பாருங்கள். குனிந்த தலையோடு ஏறுகிறவர்கள் இதையெல்லாம் காணாமலே உச்சிக்குப் போய்விடுகிறார்கள்.

மாலையிலேயே சாப்பாடு, இருட்டியதும் தூக்கம், இரண்டரை மணிவாக்கில் தலைவிளக்கோடு ஏற்றம். சாயாட்-சாயாட் சோதனைச் சாவடியைக் குறித்த நேரத்துக்குள் அடையாதவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பலத்த மழையென்றால் யாரையும் விடமாட்டார்கள், ஏனென்றால் மேலே வெறும் கிரானைட் பாறை, தண்ணீர் அதன்மேல் ஓடையாகப் பாயும். உச்சி நெருங்கும்போது காற்றில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய அறுபது சதவீதம்தான். தலைவலி, குமட்டல் வந்தால் வீம்புக்கு ஏறாதீர்கள். இறங்கினால்தான் சரியாகும்.

சூரியன் வரும்போது உச்சியில் நிற்பது பேரனுபவம், சந்தேகமில்லை. ஆனால் கினபாலுவின் உண்மையான சோதனை அதற்குப் பிறகு வருகிறது. அதே நாளில் 8.7 கிலோமீட்டர், 2,200 மீட்டருக்கு மேல் இறக்கம். முட்டி கதறும். பயிற்சி எடுப்பவர்கள் மாடிப்படி ஏறுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஏறிய அளவுக்கு இறங்கியும் பழக வேண்டும், ஊன்றுகோல் கண்டிப்பாக வேண்டும், மறுநாள் விமானம் வைத்துக்கொள்ளக் கூடாது.

வழிகாட்டி இல்லாமல் அங்கே ஏற முடியாது. செலவு கூடுகிறதே என்று குறைப்பட்டுக்கொள்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2015 ஜூன் 5-ஆம் தேதி 6.0 ரிக்டர் அளவில் நிலநடுக்கம் வந்து பாறைகள் உருண்டபோது 18 பேர் இறந்தார்கள். சிங்கப்பூர்ப் பள்ளிப் பிள்ளைகளும் மலை வழிகாட்டிகளும் அதில் உண்டு. காயம்பட்டவர்களை முதுகில் சுமந்து கீழே கொண்டுவந்தவர்களும் இந்த வழிகாட்டிகள்தான். பெரும்பாலும் மலையடிவாரத்து டூசுன் மக்கள். அவர்களுக்குப் போகும் பணத்தில் பேரம் பேசுவது நியாயமில்லை.

இரவிகுளத்தை நடைக்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான 2,695 மீட்டர் ஆனைமுடி அங்கேதான் இருக்கிறது. ஆனால் வருகிறவர்கள் அதைப் பார்க்கலாமே தவிர ஏற முடியாது. வாயிலில் வண்டியை விட்டுவிட்டு வனத்துறைப் பேருந்தில் ராஜமலைக்குப் போய், அங்கிருந்து தார்ச்சாலையில் கொஞ்ச தூரம் நடந்து திரும்ப வேண்டும். வாயில் திறக்கும் நேரமும் விடியலுக்கு வெகு பிந்தி. என் கணக்கில் இது தோற்றிருக்க வேண்டும்.

தோற்காததற்குக் காரணம் வரையாடு. உலகத்திலேயே வரையாடுகள் மிக அதிகமாக வாழும் இடங்களில் முன்னணியில் இருப்பது இந்த 97 சதுர கிலோமீட்டர். மனிதர்களைக் கண்டு மிரளாமல் சாலையோரப் பாறையில் நின்று புல்லைக் கடிக்கும். மேகம் மூடினாலும் அது எங்கும் போய்விடாது, மூட்டத்திலிருந்து கொம்பு மட்டும் முதலில் தெரிந்து பிறகு உடல் தெரியும். தொடாதீர்கள், எதையும் தின்னக் கொடுக்காதீர்கள். சின்னக் குழந்தைகளோ முட்டிவலிக்காரர்களோ கூட வந்தால் மூன்றில் இதுதான் சரி.

மாதக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை ஹோர்ட்டன் தெளிவாக இருக்கும், விடியலில் புல்லில் உறைபனிகூடப் படியும். கினபாலுவில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. இரவிகுளத்தையோ வரையாடுகள் குட்டி போடும் காலம் என்று வழக்கமாக பிப்ரவரி, மார்ச்சில் மூடிவிடுவார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஆக, அங்கே போக மழை விட்ட பிறகு ஜனவரி வரைதான் நல்ல காலம். விதிவிலக்கு குறிஞ்சி பூக்கும் ஆண்டு: 2006, 2018-ஐ அடுத்து 2030. அப்போது மழை விடும்வரை காத்திருந்தால் பூ முடிந்துவிடக்கூடும், ஆகஸ்டு கடைசியிலிருந்தே குடையோடு கிளம்ப வேண்டியதுதான்.

செலவில் கினபாலுதான் உச்சம். தங்குமிடம், வழிகாட்டி, அனுமதி எல்லாம் சேர்ந்தே வரும், பனலாபனில் படுக்கைகள் குறைவு என்பதால் பல மாதம் முன்பே பதிய வேண்டும். படுக்கை உறுதியான பிறகு விமான டிக்கெட் எடுங்கள், மாற்றிச் செய்தால் மலையடிவாரத்தோடு திரும்ப நேரிடும். ஹோர்ட்டனில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் உள்ளூர்க்காரர்களைவிடப் பல மடங்கு, அதோடு வண்டி வாடகையும் சேரும். நாலு பேராகப் போனால் தாங்கலாம்.

முதல்முறை மலை நடப்பவர் என்றால் நான் தயங்காமல் ஹோர்ட்டனைத்தான் சொல்வேன். அங்கே இரண்டாம் நாள் ஒன்று ஒதுக்கி கிரிகல்பொத்த மலைக்கும் நடந்து பாருங்கள், போக மட்டும் சுமார் 7 கிலோமீட்டர். திரும்பி வந்தும் உடம்பு இன்னும் கேட்கிறது என்றால் பனலாபனில் படுக்கை தேட ஆரம்பிக்கலாம்.