வேப்பெண்ணெய்க் கரைசல்: மூன்று வருடப் பாவனைக்குப் பிறகு

கச்சான் காற்று தொடங்கினால் மட்டக்களப்பு விறாந்தைகளில் மணிபிளான்டும் குரோட்டனும் வெளிறும். தண்ணி காணாதென்று ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். அதற்கு முன் இலைக்குக் கீழே வெள்ளைத் தாளொன்றைப் பிடித்துத் தட்டிப் பாருங்கள். விழுந்த புள்ளி ஊர்ந்து, விரலால் தேய்க்கக் கறை இழுபட்டால் அது சிற்றுண்ணி, இலைச்சாற்றை உறிஞ்சும் மிகச் சின்ன உயிரி. வேப்பெண்ணெய் முழுப் புள்ளியும் வாங்குவது இதில்தான்.

ஒரு லீற்றர் தண்ணீருக்கு எண்ணெய் ஒரு தேக்கரண்டி (5 மி.லீ.), பாத்திரம் கழுவும் திரவம் அரைத் தேக்கரண்டி. முதலில் இவை இரண்டையும் ஒரு கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் பால்போல வரும்வரை அடித்து, பிறகு மிச்சத் தண்ணீரைச் சேர்க்க வேண்டும். நேரே தண்ணீரில் ஊற்றினால் எண்ணெய் மிதக்கும். ஸ்பிரேயர் குழாய் அடியிலிருந்து உறிஞ்சுவதால் முதலில் வெறுந்தண்ணிதான் வரும். கடைசியில் தனி எண்ணெய் வந்து இலையைக் கருக்கும். "வேப்பெண்ணெய் அடிச்சு மரமே போச்சு" என்கிற கதைகளில் பாதி இதுதான்.

கல்லடி, காத்தான்குடி, கல்முனைக் கரையோரத்தில் உவர்ப்போ கடினமோ உள்ள கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் சரியாகக் கலக்காமல் பிரியும். மழைத் தண்ணீர் நல்லது. கலந்ததை அன்றைக்கே முடியுங்கள். அடுத்த நாளுக்குள் வீரியம் குறைந்துவிடும்.

வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் சொட்டச் சொட்ட அடிக்க வேண்டும். முட்டைகள் தப்பிவிடும் என்பதால் ஐந்து நாளுக்கு ஒருமுறையாக மூன்று தரம் தேவை. நம்மூர்ச் சூட்டில் சிற்றுண்ணி ஒரு கிழமையளவில் முட்டையிலிருந்து வளர்ந்துவிடும். ஒரு தரம் அடித்துவிட்டு "சரிவரவில்லை" என்பதில் நியாயமில்லை.

வெண்மூட்டுப்பூச்சிக்கு வந்தால் புள்ளி குறைகிறது. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் பஞ்சு ஒட்டினாற்போல் இருக்கும். அந்த மெழுகில் கரைசல் உருண்டோடும். 70 சதவீத ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டெடுத்த பிறகுதான் கரைசல். எறும்பு ஏறினால் பூச்சி திரும்பி வரும். தண்ணீர்த் தட்டில் செங்கல் வைத்து அதன்மேல் சாடியை வையுங்கள். செடி காரணமில்லாமல் சோர்ந்தால் சாடியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். அங்கே வெள்ளை மா தெரிந்தால் பூச்சி வேரில் இருக்கிறது, இலைக்கு அடிப்பது வீண். வேரைக் கழுவி மண்ணையே மாற்றுங்கள்.

செதில் பூச்சியை நகத்தால் சுரண்டினால் கழரும். கொஞ்சமாக இருந்தால் அதுவே போதும்.

மாரியில் தும்புத்தூள் கலந்த சாடிகளைச் சுற்றும் சின்னக் கறுப்பு ஈக்கு இலையில் அடிக்கும் கரைசல் ஒன்றும் செய்யாது. புழு ஈரமண்ணில் இருக்கிறது. மேல்மண் இரண்டு அங்குலம் காயும்வரை தண்ணீரை நிறுத்துவதுதான் மருந்து.

பன்னச் செடிகளுக்கு வேண்டாம், நுனி கருகும். மற்றவற்றில் ஓரிலையில் அடித்து ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். மீன்தொட்டிக்கு அருகில் அடிக்கவே கூடாது. மணம் வீட்டில் நிற்கும், வெளியே வைத்து அடியுங்கள். முடிந்ததும் சுடுதண்ணீரும் சவர்க்காரமும் விட்டு ஸ்பிரேயரை நாலு தரம் அழுத்துங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் பிசினாகி மூக்கு அடைத்துவிடும்.