கும்பகோணத்தில் கிளாட் கோச்சிங்: எட்டு மாதம் என் பெண்ணை அனுப்பிப் பார்த்ததில்

மையத்தின் பெயரைப் போடவில்லை, குறையும் சொல்லப் போகிறேன் என்பதால். கிளாட் (CLAT) என்பது தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் நுழைவுத் தேர்வு, அதற்குத்தான் பயிற்சி, சனி ஞாயிறு மட்டும், கட்டணம் 28,000 ரூபாய். என் பெண் பதினொன்றாவது முடித்த கையோடு சேர்த்தேன். பாபநாசத்திலிருந்து பஸ்ஸில் போய் வந்தாள்.

முதலில் நல்லது. சட்டப் பகுதியை எடுப்பவர் கோர்ட்டுக்குப் போகும் வக்கீல். மனப்பாடமே கிடையாது. இந்தத் தேர்வில் சட்டம் முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை, பத்தியிலேயே விதியைக் கொடுத்துவிடுவார்கள், அதை ஒரு சம்பவத்தில் பொருத்திப் பார்க்கத் தெரிந்தால் போதும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஒரு வாரம் 2018 காவிரித் தீர்ப்பை எடுத்துக்கொண்டார். கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு விட வேண்டிய தண்ணீர் 192 டிஎம்சி என்று நடுவர் மன்றம் 2007-இல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 177.25 ஆக ஏன் குறைத்தது, அதில் பெங்களூரு குடிநீரின் பங்கு என்ன, நிலத்தடி நீரை ஏன் கணக்கில் சேர்த்தார்கள் என்று பிள்ளைகளையே இரண்டு கட்சியாகப் பிரித்து வாதாட வைத்தாராம். அன்று ராத்திரி என் பெண் சாப்பிடும்போதும் அதையேதான் பேசினாள், நடவுக்குத் தண்ணீர் வருமா என்று வருடா வருடம் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் எனக்கே அதில் பாதி புதுசு.

குறை மாதிரித் தேர்வில். கிளாட் 2024-லிருந்து 120 நிமிடத்துக்கு 120 கேள்விதான், இவர்கள் ஆகஸ்ட் வரை பழைய 150 கேள்வித் தாளையே கொடுத்தார்கள். நாலு தவறுக்கு ஒரு மதிப்பெண் போகும் தேர்வில், தேவையில்லாமல் அவசரப்படப் பழகிவிட்டாள். பெற்றோர் நாலு பேர் போய்க் கேட்ட பிறகு மாற்றினார்கள், அதைச் சொல்லியாக வேண்டும்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் வேறு ஒன்றில். தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வே இல்லை, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான், எந்த குரூப்பும் சரி. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து படித்த பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடும் உண்டு. எட்டு மாதத்தில் இதை ஒருவரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. நானாகக் கேட்டதற்கு, அதெல்லாம் எதற்கு, திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தைக் குறி வையுங்கள் என்றார்கள். அது நல்ல இடம்தான், நவலூர்குட்டப்பட்டு நமக்குப் பக்கமும்கூட. ஆனால் கிளாட் முழுக்க ஆங்கிலம், தமிழ் வழியில் படித்த பிள்ளை எட்டு மாதத்தில் அதைத் தாண்டுவது பெரிய பாடு. விண்ணப்பத்துக்கே பொதுப் பிரிவுக்கு 4,000 ரூபாய். டிசம்பரில் இந்தத் தேர்வு, மார்ச்சில் பொதுத் தேர்வு, இரண்டுக்கும் நடுவில் மதிப்பெண் போய்விட்டால் அந்த இன்னொரு வழியும் அடைபடும்.

என் பெண் ஆங்கில வழி, வாசிக்கும் பழக்கம் உண்டு, அதனால் அவளுக்குப் பயன்பட்டது. அப்படி இல்லாத பிள்ளையைப் பன்னிரண்டாவதில் போய்ச் சேர்க்காதீர்கள், பத்தாவது லீவிலேயே தினமும் ஒரு ஆங்கிலப் பத்திரிகையைக் கையில் கொடுங்கள். சேர்ப்பதென்றால், பணம் கட்டும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வக்கீல் சார் வகுப்பில் உட்கார வைத்துப் பாருங்கள், கேட்டால் விடுகிறார்கள்.