399 ரூபாய்த் தராசும் எண்ணெய்க் கணக்கும்

மதுரையில் பெட்டிக்கடைக்காரர்கூட வாங்க யோசிக்கிற பத்து ரூபாய் நாணயங்கள் எங்கள் வீட்டு உண்டியலில் நிறையக் கிடந்தன. சமையலறைத் தராசு வந்த அன்று அவற்றுக்கு ஒரு வேலை கிடைத்தது. ஒரு நாணயம் 7.7 கிராம் சொச்சம். பத்தை அடுக்கி வைத்தால் 77 காட்ட வேண்டும். காட்டியது. அடுத்து அரை லிட்டர் பால் பாக்கெட். தண்ணீரைவிடப் பால் கொஞ்சம் கனம், அதனால் 515-ஐ ஒட்டி வர வேண்டும். உறையோடு சேர்த்து 518 வந்தது. போதும், இதற்கு மேல் 399 ரூபாய்க்கு என்ன எதிர்பார்ப்பது?

பேங்கில் நகைக் கடன் பிரிவில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். அங்கே தராசு கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும், ஃபேன் காற்றுக்கே எண் ஆடும். அந்தப் பழக்கத்தில்தான் இந்தச் சோதனை எல்லாம். விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு வீட்டில் சமையல் என் பொறுப்பு. மனைவி கணக்கு டீச்சர், காலை எட்டேகாலுக்குக் கிளம்பிவிடுவாள்.

தராசு எதற்கு என்றால், தை மாதம் எடுத்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியில் அவளுக்கு 6.1 வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை என்றால் சர்க்கரை இன்னும் வீட்டுக்குள் வரவில்லை, திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். டாக்டர் மாத்திரை எழுதவில்லை. வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை, ஐந்து கிலோ குறையுங்கள் என்றார். அவளும் மறுநாளே ரேஸ்கோர்ஸ் பக்கம் நடக்கப் போய்விட்டாள். நடப்பது அவள் வேலை, தட்டு என் வேலை என்று நானாக எடுத்துக்கொண்டு இதை ஆன்லைனில் வாங்கினேன். பெயர் வேண்டாம். இதே வெள்ளை பிளாஸ்டிக் உருவம் பத்துப் பெயர்களில் கிடைக்கிறது. 10 கிலோ வரை நிறுக்கும், 1 கிராம் துல்லியம், இரண்டு பென்சில் பேட்டரி, மூன்று பொத்தான்.

முதல் வாரம் நான் செய்தது சுத்தக் கோமாளித்தனம். தராசைக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அவள் தட்டை அதன் மேல் வைத்து, பூஜ்யமாக்கி, 150 கிராம் சோறு வரும் வரை போடுவேன். 163 வந்தால் ஒரு கரண்டி திருப்பி எடுப்பேன். மூன்று நாள் ஒன்றும் சொல்லவில்லை. நாலாம் நாள் நான் திருப்பி எடுத்த கரண்டியைப் பார்த்தபடியே, "ஏங்க, நான் சாப்பிடுறேனா, அடகு வைக்கிறேனா?" என்றாள். மேற்கொண்டு பேசாமல் மோரைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அன்று சாயங்காலம் ஸ்டாஃப் ரூமில் மூன்று பஜ்ஜி சாப்பிட்டதையும் வந்து அவளே சொன்னாள். மறைத்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

அன்றைக்கு அவள் போட்ட உத்தரவு: தராசு அடுப்படி நிலைப்படியைத் தாண்டக் கூடாது. இந்த உத்தரவால்தான் 399 ரூபாய் வீணாகாமல் தப்பித்தது. சாப்பிடுகிறவர் கையை நிறுக்க இது லாயக்கில்லை. சமைக்கிறவன் கையை நிறுப்பதற்கு இதைப் போல வேறொன்று இல்லை. என் கை எப்படிப்பட்டது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

எண்ணெயைச் சொல்கிறேன். ஒவ்வொரு தாளிப்புக்கும் நிறுத்துக்கொண்டிருக்க முடியாது, கடுகு கருகிவிடும். பேங்க் வழியில் போனேன். காலையில் எண்ணெய்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்து எடையை நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதினேன், ஓப்பனிங் பேலன்ஸ். ராத்திரி பால் காய்ச்சி முடித்ததும் மறுபடி ஒரு நிறுவை, குளோசிங் பேலன்ஸ். முதல் நாள் வித்தியாசம் 94 கிராம். இரண்டே பேர், அன்று பொரித்தது எதுவுமில்லை, அப்பளம்கூட இல்லை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு எண்ணெய், கொழுப்பு எல்லாம் சேர்த்து 27 கிராம். இரண்டு பேருக்கு 54. நான் 40 கிராம் கூடுதலாக ஊற்றியிருக்கிறேன். கிராமுக்கு 9 கலோரி, ஆக 360. அவள் வேர்க்க விறுவிறுக்க நடந்து கரைப்பதை, தாளிப்பில் நான் திருப்பி வரவு வைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கே போகிறது என்று துப்புத் துலக்கியதில் மாட்டியது தோசை. எண்ணெய்க் கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, அதிலிருந்து எடுக்க எடுக்க எண் கழித்தல் குறியோடு ஏறும். கேஷியருக்கு இதைவிடப் பிடித்த காட்சி உண்டா? ஒரு தோசைக்குக் கல்லைச் சுற்றி ஒன்று, திருப்பிப் போட்டதும் ஒன்று என்று ஸ்பூனால் விட்டதில் மைனஸ் 7. அவளுக்கு மூன்று, எனக்கு நான்கு, மொத்தம் 49 கிராம் தோசைக்கு மட்டுமே. அம்மா வெங்காயத்தைப் பாதியாக வெட்டி, முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்ப்பார். அதைச் செய்து பார்த்தேன். தோசைக்கு 2 கிராம். முறுகல் கொஞ்சம் குறைவுதான், பொய் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழையபடி ஊற்றுகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை கணக்கு உதைத்தது. செலவு 130 கிராம். எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. கடைசியில் பார்த்தால் காலையில் அவள் தலைக்குத் தேய்த்துக் குளித்த நல்லெண்ணெயும் பூஜை விளக்குக்கு ஊற்றியதும் என் பாத்திரத்திலிருந்தே போயிருக்கின்றன. இப்போது அதற்குத் தனிக் குப்பி. இன்னொரு சின்னக் குழப்பம், பாக்கெட்டில் 1 லிட்டர் என்று இருப்பது தராசில் 910 கிராம்தான் வரும். எண்ணெய் தண்ணீரைவிட இலேசு, கடைக்காரர் ஏமாற்றவில்லை.

இரண்டு மாதத்தில் நாள் செலவு 55 பக்கம் வந்து நின்றுவிட்டது. அதற்குக் கீழே இறக்கினால் கத்தரிக்காய் வதங்காமல் அவிகிறது, நான் இறக்கவில்லை.

அரிசியில் தராசு சொன்னது வேறு. நான் டம்ளரில் அளப்பவன். ஒரே டம்ளர், ஒரே பொன்னி, ஐந்து தடவை மொண்டு நிறுத்தால் ஐந்து எடை. தலை தட்டினால் 165, குவித்தால் 200. இப்போது மதியத்துக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து 140 கிராம் அரிசி. வெந்ததும் 400 கிராம் பக்கம் சோறாகிறது. பானையிலேயே அவ்வளவுதான் என்றால் தட்டில் யாரும் யாரையும் தடுக்க வேண்டியதில்லை. குறைந்த இடத்தை நிரப்பப் பாசிப்பருப்பு போட்ட கூட்டும் ஒரு பொரியலும் கட்டாயம். காய் மட்டும் அரைக் கிலோவுக்குக் குறைவதில்லை. அண்ணாநகர் உழவர் சந்தைக்கு வாரம் இரண்டு முறை போகவேண்டியிருக்கிறது, அதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடம் விட்டு வரும் பசிக்குத்தான் பஜ்ஜி. அதற்குப் பதிலாகச் சுண்டல். காய்ந்த கொண்டைக்கடலை 60 கிராம் இரவே ஊறப்போட்டால் ஆளுக்கு ஒரு கிண்ணம் ஆகிறது, இரண்டிலும் சேர்த்து 12 கிராம் பக்கம் புரதமும் கிடைக்கிறது. வேர்க்கடலை "ஒரு பிடி" என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதையும் நிறுத்தேன். அவள் பிடி 26, என் பிடி 48. என் ஒரு பிடியில் 270 கலோரி. டாக்டர் யார் கையைச் சொன்னார் என்று தெரியவில்லை.

இனி குறைகள். ஒன்றும் தொடாமல் இரண்டு நிமிடம் விட்டால் தானாக அணைந்துவிடும், பூஜ்யமாக்கியதும் அதோடு போச்சு. தேங்காய் துருவிக்கொண்டு வருவதற்குள் தூங்கியிருக்கும். அகலமான வாணலியை வைத்தால் அதன் விளிம்பு எண்ணை மறைக்கும், குனிந்து கழுத்தைத் திருப்பிப் படிக்க வேண்டும். அதனால் நடுவில் ஒரு சின்ன டப்பாவைக் கவிழ்த்து அதன் மேல் வைக்கிறேன். உப்பைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டால் பூஜ்யத்திலேயே நிற்கும். மெதுவாக ஏறும் சின்ன எடையை இந்த மாதிரித் தராசுகள் ஆட்டம் என்று நினைத்துக் கழித்துவிடுகின்றன. உப்பை ஸ்பூனில் எடுத்து மொத்தமாக வைத்தால் சரியாகக் காட்டும். ஆளுக்கு நாளுக்கு 5 கிராம் உப்பு என்பதைப் பார்க்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும். இறக்கிய சூட்டோடு குக்கரை ஒரு முறை வைத்துவிட்டேன். எண் பைத்தியம் பிடித்ததுபோல ஓடியது. ஆறியதும் நாணயங்களைப் போட்டுப் பார்த்தேன், நல்ல வேளை, 77. தங்கம் நிறுக்க இது ஆகாது. பக்கத்து வீட்டு அக்கா தோட்டைக் கொண்டுவந்தபோது மறுத்துவிட்டேன். அங்கே மில்லிகிராம் பேசும், இது கிராமுக்குக் கீழே வாயே திறக்காது.

ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்கு, போனோடு சேர்ந்து கலோரி கணக்குப் போடும் தராசு இருக்கிறது. தம்பி மகன் வாங்கியிருக்கிறான். அதில் ஓட்ஸுக்கு நாலு வகை உண்டு, அவரைக்காய்க் கூட்டைத் தேடினால் கிடைக்கவில்லை. நாள்காட்டித் தாள் எனக்குப் போதும்.

அவள் நிற்கிற எடை மெஷின் படுக்கையறையில் இருக்கிறது. அதன் எண்ணை நான் கேட்பதில்லை, அது என் லெட்ஜர் இல்லை. ஆனி மாதம் எடுத்த ரிப்போர்ட்டை அவளே கொண்டுவந்து தராசின் மேல் வைத்தாள். சர்க்கரை 5.8. தராசில் 9 கிராம்.

"பேப்பர் எடையைப் பாக்காதீங்க" என்றாள். நான் அதைத்தான் முதலில் பார்த்திருந்தேன்.

பேட்டரி இன்னும் மாற்றவில்லை. பொத்தான் மேல் ஒட்டிய புளி மட்டும் போகமாட்டேன் என்கிறது.