வழி தவறியவர் கையில் தீயா, கண்ணாடியா?

காட்டில் சிக்கிக்கொண்டால் முதலில் தீ மூட்டுங்கள் என்றுதான் பலரும் சொல்வார்கள். எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது. தேடி வருபவர் கண்ணில் படுவதில் தீயோடு போட்டி போடும் இன்னொரு பொருள் உண்டு: உள்ளங்கை அளவுக் கண்ணாடி.

வெயிலடிக்கும் பகலில் கண்ணாடிதான் முந்துகிறது. பகலில் சுடர் எடுபடாது, புகைதான் அடையாளம். தணலின் மேல் பச்சைத் தழை போட்டால் வெண்புகை, ரப்பர் போட்டால் கரும்புகை. பச்சைக் காட்டுக்கு முன்னது, பனிவெளிக்குப் பின்னது. ஆனால் காற்று பலமாக அடித்தால் புகை தரையோடு படுத்துவிடும். அடர்ந்த மரங்களுக்கு மேலே வருவதற்குள் கலைந்தும் போகும். கண்ணாடியின் பளிச்சிடல் பல கிலோமீட்டர் தொலைவில் பறக்கும் விமானிக்கும் தெரியும். கையை நீட்டி இரண்டு விரல்களை விரித்து, அந்த இடைவெளியில் விமானத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஒளி விரல்கள் மேல் விழும்படி கண்ணாடியை ஆட்டினால் குறி சரியாக இருக்கும்.

வறண்ட நிலத்தில் இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினை. 2002 ஜூனில் அரிசோனாவில் வழி தவறிய ஒரு பெண், ஹெலிகாப்டரின் கவனத்தை ஈர்க்கத் தீ வைத்தார். அது ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த இன்னொரு காட்டுத்தீயோடு சேர்ந்து சுமார் 4.68 லட்சம் ஏக்கரை எரித்தது. 2003 அக்டோபரில் கலிபோர்னியாவின் சான் டியாகோ அருகே வழி தவறிய வேட்டைக்காரர் ஒருவர் மூட்டிய தீயில் 15 பேர் இறந்தார்கள், 2,800க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. தீ வைத்த இருவரையும் ஹெலிகாப்டர் மீட்டது. அதாவது, அடையாளத் தீ தன் வேலையைச் சரியாகவே செய்தது. அதனால்தான் இந்த இரண்டு சம்பவங்களும் என்னை இவ்வளவு கலங்கடிக்கின்றன. புல் காய்ந்து காற்றும் வீசினால், பகலில் கண்ணாடியைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரவில் கண்ணாடி அவ்வளவாக உதவாது, குளிரில் அது உடம்பைச் சூடாக்காது. அங்கே தீ உடம்பையும் காக்கும், இருப்பிடத்தையும் காட்டும். முக்கோணமாக மூட்டிய மூன்று தீ உலகெங்கும் ஆபத்துக் குறி. சருகை வழித்தெடுத்து, வெறும் மண் தெரிந்த பிறகே மூட்ட வேண்டும்.

பற்றவைக்க லைட்டர்தான் எளிது. ஆனால் உறைநிலைக் குளிரில் அதிலுள்ள பியூட்டேன் ஆவியாகத் திணறும். சட்டைக்குள் வைத்துச் சூடேற்றிய பிறகு தட்டிப் பாருங்கள். தீப்பெட்டி நனைந்தால் அவ்வளவுதான். உரசினால் பொறி பறக்கும் ஃபெரோ கம்பி நனைந்தாலும் துடைத்துவிட்டு உரசலாம், ஆனால் பொறியைப் பிடிக்க நன்கு காய்ந்த பஞ்சோ நாரோ வேண்டும். வீட்டிலேயே பழகாதவர் அதை மட்டும் நம்பிக் காட்டுக்குள் போகக் கூடாது.