எஸ்.பி. ரோடு வொர்க்ஸ்டேஷனில் ஃப்ரீபிஎஸ்டி: நான்கு வருட அனுபவம்

2021 கடைசியில் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரு பழைய வொர்க்ஸ்டேஷன் வாங்கினேன். இன்டெல் ஜியான் டபிள்யூ3520 பிராசஸர், சிறு பிழைகளைத் தானே திருத்தும் ஈசிசி ராம் 12 ஜிபி, குவாட்ரோ எஃப்எக்ஸ் 580 கிராஃபிக்ஸ் கார்டு. “கல்லு மாதிரி ஓடும் சார்” என்றார் கடைக்காரர். அல்சூர் வீட்டின் இரண்டாம் மாடிக்குத் தூக்கி வருவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. அப்பா எடுத்த நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து பத்திரமாக வைக்க வேண்டும், அதுதான் தேவை. ஈசிசி ராமும், தரவு கெட்டிருக்கிறதா என்று சரிபார்க்கும் இசட்எஃப்எஸ் கோப்பு முறையும் சேர்ந்தால் அதற்கு நம்பகமாக இருக்கும் என்று, யூனிக்ஸ் வகை இலவச இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டி 13 போட்டேன். சிஸ்டத்துக்கு யூஎஃப்எஸ் என்ற பழைய கோப்பு முறையில் ஒரு சின்ன எஸ்எஸ்டி, படங்களுக்கு இசட்எஃப்எஸ்ஸில் ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க்.

இன்ஸ்டால் சிக்கலில்லாமல் முடிந்தது. ரீபூட் செய்தால் கருப்புத் திரையில் கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டு நிற்கிறது. ஜிபிடி என்ற புதிய முறையில் பிரித்த டிஸ்க்கின் முதல் செக்டாரில் பாதுகாப்புக்காக ஒரு எம்பிஆர் (பழைய முறைப் பிரிவினைப் பட்டியல்) இருக்கும். விதிப்படி அதில் ‘ஆக்டிவ்’ குறி இருக்கக் கூடாது. ஆனால் அந்தக் காலத்து பயாஸ் (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) சில, குறி இல்லாத டிஸ்க்கைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பென்டிரைவிலிருந்து ஏற்றி, ஷெல்லில் டிஸ்க் பிரிவுகளை மாற்றும் ஜிபார்ட் கட்டளையால் அந்தக் குறியைப் போட்டதும் சிஸ்டம் எழுந்தது. இதே மாதிரி நின்றால் எஸ்எஸ்டி போய்விட்டது என்று அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள்.

கிராஃபிக்ஸுக்கு என்விடியாவின் 340 வரிசை ட்ரைவர்தான் வேண்டும். அதோடு ‘என்விடியா-மோட்செட்’ மாட்யூல் (சிஸ்டம் ஏற்றிக்கொள்ளும் துணைப் பகுதி) வராது, வெறும் ‘என்விடியா’ என்றே ஏற்ற வேண்டும். நான் பார்த்த வழிகாட்டிகள் புதிய கார்டுகளுக்கானவை, அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதிலேயே போனது.

உண்மையான தலைவலி அடுத்த மழைக்காலத்தில் வந்தது. கரண்ட் போய்வந்த பிறகு சில நாள் பெட்டி ஒழுங்காக எழும், சில நாள் எழாது. ஒரு ராத்திரி, ஏடிஏ0 (எஸ்எஸ்டிக்கு சிஸ்டம் வைத்திருந்த பெயர்) டிஸ்க்கின் இரண்டாம் பார்ட்டிஷனை மவுண்ட் செய்ய முடியவில்லை, பிழை 19 என்று சொல்லிவிட்டு, ரூட் (சிஸ்டம் இருக்கும் பார்ட்டிஷன்) எங்கே என்று கேட்கும் ‘மவுண்ட்ரூட்’ என்ற இடத்தில் நின்றது. படங்கள் போயே போச்சு என்று கை நடுங்கியது.

அந்த இடத்தில் வெறும் கேள்விக்குறியைத் தட்டினால், கர்னலுக்கு (சிஸ்டத்தின் மையப் பகுதிக்கு) தெரிந்த டிஸ்க்குகளை எல்லாம் பட்டியல் போடும். தட்டினேன். எஸ்எஸ்டி பத்திரமாக இருந்தது, ஆனால் ஏடிஏ1 என்ற பெயரில். ஏடிஏ0 என்ற இடத்தில் ஹார்ட் டிஸ்க் உட்கார்ந்திருந்தது. புதுப் பெயரைக் கொடுத்ததும் ரூட் கிடைத்தது, சிங்கிள் யூசர் மோடு (பழுதுபார்க்கும் நிலை) வரை வந்தேன். இசட்எஃப்எஸ்ஸை இது பாதிக்கவே இல்லை. அது டிஸ்க்கில் தானே எழுதிவைத்த அடையாளத்தைப் பார்த்துத்தான் தன் சேமிப்புத் தொகுப்பைக் கண்டுபிடிக்கும். பெயர் மாறினால் அதற்குக் கவலையில்லை.

பெயர் ஏன் மாறியது? அப்புறம்தான் தேதியைக் கவனித்தேன்: 2009. தேதி தப்பாக இருந்ததால்தான் சில வாரங்களாக பேக்கேஜ் இறக்கும்போது சான்றிதழ் பிழை வந்துகொண்டிருந்தது, நான் நெட் மீது பழி போட்டிருந்தேன். நேரம் 1000 விநாடிக்கு மேல் விலகியிருந்தால், நெட் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் என்டிபிடி திருத்தாமல் வெளியேறிவிடும் என்பதும் அன்றுதான் உறைத்தது. எல்லாவற்றுக்கும் காரணம் மதர்போர்டில் இருந்த செத்த பேட்டரி. ப்ளக்கில் கரண்ட் இருக்கும்வரை பயாஸ் அமைப்புகள் நிற்கும், முழுதாகப் போனால் அழிந்துவிடும். அழிந்ததும் சாட்டா (டிஸ்க் இணைப்பு) ஏஹெச்சிஐ என்ற புதிய முறையிலிருந்து ஐடிஈ என்ற பழைய முறைக்குத் திரும்பும். ஐடிஈயில் போர்ட்டுகளை எண்ணும் வரிசையே வேறு, அதனால்தான் டிஸ்க்குகளின் பெயர் மாறியது.

மறுநாள் தெருமுனைக் கடையில் 2032 பேட்டரி கேட்டேன். “கார் சாவிக்கா சார்?” என்று கேட்டுக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். பேட்டரியை மாற்றி, ஏஹெச்சிஐயைத் திரும்பப் போட்டேன். அதோடு பார்ட்டிஷன்களுக்கு லேபிள் வைத்து, எந்த பார்ட்டிஷனை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஏடிஏ எண்களுக்குப் பதிலாக அந்த லேபிள்களை எழுதினேன். இன்ஸ்டால் செய்த அன்றே செய்திருக்க வேண்டிய வேலை இது. நீங்கள் முதல் நாளே செய்துவிடுங்கள். என்டிபிடி தொடங்கும்போது எவ்வளவு விலகலானாலும் ஒருமுறை திருத்தட்டும் என்று ஆர்சி.கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பிலும் ஒரு வரி சேர்த்தேன்.

ஃப்ரீபிஎஸ்டி 14க்கு மாறியபோது ஒரே ஒரு தடங்கல்தான். 13க்காகக் கட்டிய கிராஃபிக்ஸ் மாட்யூல் புதுக் கர்னலில் ஏறவில்லை. பேக்கேஜ்கள் எல்லாவற்றையும் மறுபடி நிறுவியதும் சரியானது.

மின்சாரம் மட்டும் உறுத்துகிறது. சும்மா இருக்கும்போதே 100 வாட்டுக்குப் பக்கத்தில் இழுக்கிறது. நாள் முழுக்க ஓடினால் மாதம் 72 யூனிட். அதனால் ஸ்கேன் செய்யும் மாலைகளில் மட்டும் போடுகிறேன். எப்போதும் ஓடும் சர்வர் தேவைப்படுகிறவர்களுக்கு இந்தத் தலைமுறைப் பெட்டியைச் சொல்ல மாட்டேன்.

பேட்டரி மாற்றிய தேதியை மாஸ்கிங் டேப்பில் எழுதிப் பெட்டியின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். போன ஞாயிறு, இசட்எஃப்எஸ் தரவு முழுவதையும் சரிபார்க்கும் ஸ்க்ரப் ஓட்டினேன்: பிழை 0. அப்பாவின் கல்யாண ரோல்களில் இன்னும் இரண்டு பாக்கி.